யல்தா இரவுக்கு அழைப்பு: எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

கேள்வி: டொரொன்டோவில் படிக்கிறேன். உடன் படிக்கும் ஈரானியத் தோழி, டிசம்பரில் 'யல்தா இரவு' என்று தன் பாட்டி வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அது மதச் சடங்கா? நான் சுத்த சைவம். என்ன வாங்கிப் போவது, எத்தனை மணிக்குக் கிளம்பினால் தப்பாக நினைக்க மாட்டார்கள்?

பதில்: ஒன்பது மணிக்கே கிளம்புகிற யோசனை இருந்தால் போகாமலே இருந்துவிடுங்கள் தங்கச்சி, நிஜமாகத்தான் சொல்கிறேன். வருடத்திலேயே நீளமான இரவை எல்லோரும் கூடி உட்கார்ந்து, தின்று, பேசிக் கழிப்பதுதான் யல்தா. டெஹ்ரானில் அன்றைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் இருட்டு, உங்கள் ஊரில் ஏறக்குறைய 15. நள்ளிரவு தாண்டும் என்று நினைத்துக்கொண்டே போங்கள்.

பூஜை, தொழுகை எதுவும் இருக்காது. இஸ்லாம் அங்கே வருவதற்கு முன்பிருந்தே வரும் வழக்கம், மத வித்தியாசம் பார்க்காமல் கொண்டாடுகிறார்கள். ஆப்கானிஸ்தானிலும் உண்டு, 2022இல் இரண்டு நாடுகளின் பெயரிலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அங்கேதான் கூடுவார்கள், அதனால்தான் பாட்டி வீடு. முன்பெல்லாம் கோர்சி என்ற குட்டை மேசைக்கு அடியில் கனல் வைத்து, மேலே கனமான மெத்தைப் போர்வையை விரித்து, சுற்றி உட்கார்ந்து காலை உள்ளே நீட்டிக்கொள்வார்களாம். கனடா வீட்டில் ஹீட்டர் இருக்கும், அதனால் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

மேசை முழுக்கச் சிவப்பாக இருக்கும். மாதுளை, தர்பூசணி, பக்கத்தில் பிஸ்தா, பாதாம், உலர்பழக் கலவை. குளிர்காலத்தில் தர்பூசணியா என்று முகம் சுளிக்காதீர்கள். அன்றைக்குச் சாப்பிட்டால் வரும் கோடையின் சூடு அண்டாது என்பது நம்பிக்கை. சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். ஃபெசென்ஜான் என்ற வால்நட், மாதுளைச் சாறு குழம்பு பார்க்க அப்பாவியாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் உள்ளே கோழி கிடக்கும். கீரை, பயறு, நூடுல்ஸ் போட்ட ஆஷ் ரெஷ்தே சைவமாக இருக்கலாம், சில வீடுகளில் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள். தோழியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சொன்னால் பாட்டி பதறிப்போய் உங்களுக்கென்று தனியாக அடுப்பு மூட்டுவார்.

வாங்கிப் போவதற்கு நாலு நல்ல மாதுளையோ ஒரு பெட்டி பிஸ்தாவோ போதும். "எதற்கு இதெல்லாம்" என்று மறுப்பார்கள், அது உபசாரம், நீங்களும் விடாமல் கொடுங்கள். அவர்கள் தட்டை நீட்டும்போது ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் எடுத்துக்கொண்டால் அழகு. பிடிவாதமாக மறுக்காதீர்கள், நம் ஊர்ப் பாட்டிகளைப் போலவே மனசு கஷ்டப்படும்.

அப்புறம் ஹாஃபிஸ். 14ஆம் நூற்றாண்டில் ஷிராஸில் வாழ்ந்த கவிஞர், அவர் கவிதைத் தொகுப்பு அன்று கட்டாயம் வெளியே வரும். மனசுக்குள் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள், புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, வந்த கஸலை ஒருவர் உரக்கப் படிப்பார். அதுதான் உங்களுக்கான குறி. பாரசீகம் தெரியாவிட்டாலும் உங்கள் முறை வரும்போது நழுவாதீர்கள். அர்த்தம் சொல்ல ஆளாளுக்குப் போட்டி போடுவார்கள், விருந்திலேயே சுவாரசியமான பகுதி அதுதான். என்ன நினைத்தீர்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சிவப்பில் சுடிதார் இருந்தால் போடுங்கள். ஈரானிய நாள்காட்டியில் ஆஸர் மாதத்தின் கடைசி இரவு இது, நம் கணக்கில் டிசம்பர் 20 அல்லது 21இல் வரும். தேதியைத் தோழியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, மறுநாள் காலை வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது, திரும்ப வண்டிக்கும் இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.