அரம் தெரியுமா, விட்டில்ஸ் தெரியுமா? (கடிதம்)

அன்புள்ள சார்,

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலத்தில் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நடத்துகிறார்கள். திங்கட்கிழமைதோறும் அடுத்து வரும் அத்தியாயங்களிலிருந்து இருபது சொற்கள், பொருளோடு. வெள்ளிக்கிழமை டெஸ்ட். இருபதுக்கு இருபது வாங்குகிறாள், மறுவாரம் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. நாவலைப் படிப்பதில்லை, கதைச்சுருக்கத்தை வைத்துச் சமாளிக்கிறாள். இவ்வளவு பழைய சொற்கள் எஸ்ஏடிக்கு (இங்கே கல்லூரியில் சேர எழுதும் தேர்வு) உதவுமா? மறக்காமல் இருக்க நல்ல ஆப் உண்டா? நான் தமிழ் மீடியம். என்னால் அவளுக்கு உதவ முடியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆப் எனக்குத் தெரியாது. எஸ்ஏடியை 2016-இல் மாற்றியபிறகு, அரிய சொல்லுக்கு அர்த்தம் ஒப்பிப்பதைவிட ஒரு சொல் அந்த வாக்கியத்தில் என்னவாக நிற்கிறது என்பதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தப் பேச்சு இதோடு போதும். இரண்டு வாரமாக நானும் அதே நாவலைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் உங்களுக்குப் பதிலே வந்திருக்காது.

அந்த நாவல் தொடங்குவதே ஒரு வொக்கபுலரி டெஸ்டில்தான், கவனித்தீர்களா? நீங்கள் எங்கே கவனிப்பது, நீங்களும்தான் படிக்கவில்லையே. இடுகாட்டில், தப்பி வந்த கைதி சின்னப் பையன் பிப்பைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான்: அரம் என்றால் தெரியுமா? விட்டில்ஸ் என்றால் தெரியுமா? விட்டில்ஸ் என்றால் சாப்பாடு. கொண்டுவராவிட்டால் உன் இதயத்தையும் ஈரலையும் பிடுங்கிவிடுவேன் என்கிறான். பிப் அந்த இரண்டு சொல்லையும் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

அன்றிரவு வீட்டில் பீரங்கிச் சத்தம் கேட்கிறது. ஹல்க்ஸிலிருந்து ஒருவன் தப்பிவிட்டான் என்கிறார்கள். ஹல்க்ஸ் என்றால் என்ன என்று பிப் அக்காவிடம் கேட்கிறான். (உங்கள் மகளுக்கு ஹல்க் என்றால் பச்சை நிறத்து ஆள்தான் ஞாபகம் வருவான்.) பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களைச் சிறையாக்கி, 1776 முதல் 1857 வரை இங்கிலாந்தில் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். அக்காக்காரி ‘சிறைக்கப்பல்’ என்று சொல்லிவிட்டு, கூடவே ஒன்று சொல்கிறாள்: அங்கே போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேள்வி கேட்டுத்தான் ஆரம்பிப்பார்களாம்.

எனக்குப் பிடித்தது இதுவல்ல. அந்த அக்கா தம்பியை ‘பை ஹேண்ட்’ வளர்த்தாள் என்று ஊரே மெச்சுகிறது. தாய்ப்பால் இல்லாத பிள்ளையைப் புட்டிப்பாலோ கஞ்சியோ ஊட்டி வளர்ப்பதற்கு அன்று அப்படிச் சொல்வார்கள். பிப்புக்கு யாரும் அர்த்தம் சொல்லவில்லை. அவன் தானாக யோசிக்கிறான். அக்காவின் கை கனத்த கை. அது தன்மேலும் விழுகிறது, அவள் புருஷன் ஜோமேலும் விழுகிறது. அப்படியானால் எங்கள் இரண்டு பேரையுமே கையால்தான் வளர்த்திருக்கிறாள் என்று முடிவுக்கு வருகிறான். அகராதிப்படி தப்பு. அந்த வீட்டைப் பொறுத்தவரை அதைவிடச் சரியான அர்த்தம் கிடையாது.

உங்கள் மகளுக்கு இந்தத் தப்பைச் செய்யும் வாய்ப்பே கொடுக்கவில்லை. அத்தியாயம் வருவதற்கு முன்பே அர்த்தம் வந்துவிடுகிறது. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை, நம்மூர் தொடர்கதை மாதிரி வாராவாரம் பத்திரிகையில் இதைப் படித்தவர்களுக்குத் திங்கட்கிழமை பட்டியல் எதுவும் வரவில்லை. தெரியாத சொல்லோடு கொஞ்ச தூரம் நடக்கவேண்டும், ஆர். தப்பாகப் புரிந்துகொண்டு, பத்துப் பக்கம் தள்ளி முட்டிக்கொண்டு, ‘அட, அதுவா இது’ என்று திரும்பிப் பார்க்கவேண்டும். சொல் உள்ளே இறங்குவது அந்த இடத்தில்தான்.

எழுபதுகளில் எங்கள் பள்ளியில் நான்-டீடெயிலாக இதே கதையின் சுருக்கம் இருந்தது. ஜோ ஒரு கொல்லன், அவன் வேலை செய்யும் இடம் ஃபோர்ஜ். நோட்ஸில் ‘உலைக்களம்’ என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் யார் உலைக்களம் என்று சொன்னார்கள்? பட்டறை என்போம். கொழு காய்ச்சவும் கருக்கரிவாளுக்குக் கருக்கு வெட்டவும் ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். நான் துருத்தி ஊதியிருக்கிறேன். அந்த ஜோவும் எங்கள் ஆசாரியும் ஒரே வேலைக்காரர்கள் என்று உறைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

அந்தக் காலாண்டில் கணக்கில் இருபத்தெட்டு. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். அப்பாவுக்கு எழுதத் தெரிந்தது அவர் பெயரின் மூன்று எழுத்து மட்டும். எழுத்து ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும். ஆங்கில வாத்தியார் கார்டை நீட்டி, “யூ ஃபோர்ஜ்டு திஸ்?” என்றார். எனக்குப் பட்டறைதான் தெரியும். “இல்ல சார், அது எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி” என்றேன். வகுப்பே சிரித்தது. ஆறு அடி. அடித்த கையோடு பக்கத்தில் உட்காரவைத்து, இரும்பை அடித்து உருவாக்குவதும் பொய்யை உருவாக்குவதும் அவர்களுக்கு ஒரே சொல், பட்டறையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றார். நாம் வீடும் கட்டுகிறோம், கதையும் கட்டுகிறோம் இல்லையா? முழு நாவலில் ஜோவின் ஃபோர்ஜும் இருக்கிறது, காம்பேசன் என்கிற எத்தன் செய்யும் ஃபோர்ஜிங்கும் இருக்கிறது. பட்டியலில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

தமிழ் மீடியமாம், உதவ முடியவில்லையாம்! பட்டறை பார்த்த ஆள்தானே நீங்கள்? பார்க்கவில்லையென்றால் உங்கள் அப்பாவுக்குப் போன் போட்டு மகளிடம் கொடுங்கள். ஜோவுக்குப் படிக்கத் தெரியாது. பிப் சிலேட்டில் பிழை பிழையாக எழுதிய கடிதத்தில் ‘ஜே’யையும் ‘ஓ’வையும் மட்டும் கண்டுபிடித்துவிட்டு, நீ எவ்வளவு பெரிய படிப்பாளி என்று பூரித்துப்போகிறான். அந்தப் பக்கத்தை மட்டுமாவது அவளோடு உட்கார்ந்து படியுங்கள். நான் அதைத் தாண்டப் பத்து நிமிஷம் ஆகும்.

மறுநாள் நிஜக் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து கார்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மார்க்கைப் பார்க்கவில்லை, அது அவருக்குத் தெரியாது. என் விரல் போட்ட அந்த மூன்று எழுத்தைத்தான் பார்த்தார். “நான் போடறதைவிட நல்லா இருக்கேடா” என்றார். பிறகு பேனாவை வாங்கி அதற்குக் கீழேயே, தள்ளித் தள்ளி, தன்னுடையதைப் போட்டார்.