கழுத்து திரும்பினால் மூளைக்கு ஸ்கான் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று வருடமாகக் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்புகிறது, பிடரி வலி விட்டபாடில்லை. எக்ஸ்ரே பார்த்து எலும்புத் தேய்வு என்றார்கள். எண்ணெய் உருவியும் கொலர் போட்டும் குறையவில்லை. நாடியில் (முகவாயில்) ஒரு விரல் வைத்தால் மட்டும் தலை நேராகிறது. இப்போது டிஸ்டோனியாவாக, அதாவது தசை தானாக இறுகி இழுக்கும் நோயாக, இருக்கலாம் என்கிறார்கள். ஜேர்மனியில் உள்ள தம்பி, மூளைக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறான். எங்கே எடுக்கலாம்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அந்த ஸ்கானைத் தேடி அலைய வேண்டாம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நாடியில் விரல் வைத்தால் தலை நேராகிறது என்று, அந்த ஒரு வரி ஸ்கானை விடப் பெறுமதியானது. எலும்புத் தேய்வு விரலுக்குப் பணியாது. கழுத்து டிஸ்டோனியா பலருக்கு அப்படித்தான் பணியும். நாற்பதைத் தாண்டிய எவருடைய எக்ஸ்ரேயிலும் கொஞ்சம் தேய்வு தெரியலாம், வலியே இல்லாதவருக்கும்கூட. அதனால்தான் இந்த நோய்க்கு அடிக்கடி அந்தப் பெயர் விழுந்துவிடுகிறது.

தம்பி சொல்வதும் கற்பனையில்லை. மூளையின் ஆழத்தில், அசைவுகளை அளந்து விடும் இடத்தில், லென்டிபோர்ம் கரு என்று பருப்பு வடிவில் ஒன்று இருக்கிறது. டிஸ்டோனியா உள்ள பலருக்கு அது அல்ட்ராசவுண்டில் வழக்கத்தை விட வெளிச்சமாகத் தெரிவதாக ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் மருத்துவர்கள் 1996இல் எழுதினார்கள். அதே இடம் எம்.ஆர்.ஐ.யில் சாதாரணமாகவே இருக்கலாம். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் திசுவில் உள்ள நீரைப் படமாக்குகிறது. அல்ட்ராசவுண்ட் ஒலி எங்கே தெறித்துத் திரும்புகிறது என்பதைப் படமாக்குகிறது. அங்கே செம்பு கூடுதலாகச் சேர்வதால் ஒலி அப்படித் தெறிக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

ஆனால் எடுக்கும்போது நடப்பது வேறு. காதுக்குச் சற்று முன்னே, கன்ன எலும்புக்கு மேலே, மண்டையோடு மெலிந்த ஓரிடம் வழியாகத்தான் ஒலியை உள்ளே விட வேண்டும். கழுத்து இரத்தக் குழாய் பார்க்கும் கருவி முனை அதற்கு உதவாது. இருதய எக்கோவுக்குப் பிடிப்பது போன்ற 2 முதல் 3.5 மெகாஹேட்ஸ் முனை வேண்டும். வயது போன பெண்கள் பலருக்கு அந்த எலும்பு தடித்திருப்பதால் படமே கிடைக்காது. கிடைத்தாலும், திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் இல்லாத புள்ளியும் மின்னும். பழகிய கை இல்லாவிட்டால் அறிக்கையை நம்ப முடியாது. நோயே இல்லாத சிலருக்கும் அந்த வெளிச்சம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, புள்ளி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தரப்போகும் சிகிச்சை ஒன்றுதான்.

சிகிச்சை வேறாகும் விதிவிலக்கு வில்சன் நோய். உடலில் செம்பு தேங்கும் அந்த நோயிலும் இதே இடம் வெளிச்சமாகத் தெரியும். அது பெரும்பாலும் இளவயதில் தலைகாட்டுவது. உங்களுக்கு 43இல் தொடங்கியதால் வாய்ப்புக் குறைவு, ஆனாலும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கும் புரதம்), 24 மணிநேரச் சிறுநீரில் செம்பு, கண் பரிசோதனை ஆகியவை போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது, திருமலைப் பொது வைத்தியசாலை கிளினிக்கில் காட்டி நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் வாங்குவது. கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால், அவ்வளவு தூரம் போய் அங்கே கிடைப்பது சில நிமிடங்களாக இருக்கலாம். அதனால் போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கொண்டை போட்டு, கழுத்தும் தோளும் தெரிய உட்காருங்கள். கண்ணை மூடி, தலையைத் தடுக்காமல், அது போகிற பக்கம் போக விடுங்கள்; ஒரு நிமிடம் முன்னாலிருந்து, ஒரு நிமிடம் பக்கவாட்டில். பிறகு நாடியில் விரல் வைப்பது, நடப்பது, எழுதுவது, படுப்பது. மூன்று வருடத்தில் குடித்த மருந்துகளின் பட்டியலும் வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், மனநோய்க்கான சில மாத்திரைகள் இவையும் கழுத்தை இழுக்கும்.

கொலரைக் கழற்றி வையுங்கள். தசை அதை எதிர்த்து இழுக்கும், வலிதான் கூடும். நெட்டி முறிப்பவரிடம் கழுத்தைக் கொடுக்கவே வேண்டாம்; சடாரென்று திருப்பினால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழியலாம்.

முதன்மைச் சிகிச்சை, இறுகிய தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி. தலை இடப்பக்கம் திரும்பினால் இழுப்பவை பெரும்பாலும் வலது முன்கழுத்துத் தசையும் இடது பிடரித் தசையும். வலிக்கிற இடத்தில் மட்டும் குத்தினால் பாதி வேலைதான். ஒன்றிரண்டு வாரத்தில் இளகத் தொடங்கி, நாலு முதல் ஆறு வாரத்தில் உச்சமாகி, மூன்று மாதமளவில் குறையும். முதல் தடவை போதவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அளவும் தசையும் சரிப்பட இரண்டு மூன்று முறை ஆகலாம். 12 வாரத்துக்கு முன் அவசரப்பட்டுப் போட்டால் உடல் மருந்தை எதிர்க்கப் பழகிவிடக்கூடும். ஊசியின் பெயரையும் யூனிட் அளவையும் எழுதி வாங்குங்கள், ஒரு வகையின் 100 யூனிட் இன்னொரு வகையின் 100 யூனிட் அல்ல.

ஊசிக்குப் பின் முதல் இரண்டு வாரம் விழுங்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தால் கஞ்சி, குழைந்த சோறு, சின்னச் சின்ன வாயாகச் சாப்பிடுங்கள். தண்ணீரே புரைக்கேறினால், மூச்சு முட்டினால், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஊசி போடாவிட்டாலும், கைகால் பலவீனம், சிறுநீர் அடைப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு வந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.