பட்டறை பதில்கள்: நம்பர் துண்டை வெட்டி ஒட்டலாமா?

கேள்வி: அண்ணே, எங்க தாத்தா 1968-ல வாங்கின மகேந்திரா ஜீப். ஆர்.சி. உயிரோட இருக்கு, என் பேருக்கும் மாத்தியாச்சு. பாடியைக் கழட்டிப் பார்த்தா சேஸிஸ் (அடிச்சட்டம்) பின்பக்கம் முழுக்க துரு, கையால அழுத்தினாலே உதிருது. பட்டறைக்காரர் கிட்ட வேற ஜீப்போட நல்ல சேஸிஸ் இருக்காம், நம்ம சேஸிஸ்ல நம்பர் இருக்கற துண்டை மட்டும் வெட்டி அதுல வெல்டு வச்சிரலாம், யாருக்கும் தெரியாதுங்கறார். செய்யலாமா?
- பேர் போட வேணாம்னு கேட்ட வாசகர், பொள்ளாச்சி

பதில்: செய்யாதீங்க. அவர் நல்ல கைகாரராவே இருக்கட்டும், இந்த விஷயத்துல மட்டும் அவர் பேச்சைக் கேக்காதீங்க. யாருக்கும் தெரியாதுங்கறது பெயின்ட் காயற வரைக்கும்தான். ஆர்.சி. ரினியூவலுக்குப் போய் நிக்கறப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் பென்சில் பிரிண்டை, அதாவது சேஸிஸ் நம்பர் மேல பேப்பர் வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்ததை, நம்பரோட ஒத்துப் பார்ப்பார், அப்ப அவர் கண்ணு நம்பர் மேல மட்டும் நிக்காது, சுத்தி இருக்கற இரும்பையும் பார்க்கும், வெல்டு கோடு, கிரைண்டர் ஓட்டின பளபளப்பு, ஒரு இடத்துல மட்டும் புட்டி தடிச்சு இருக்கறது எல்லாம் அவருக்கு பழகின சமாச்சாரம். இன்னொண்ணு யோசிங்க, ஒரு வண்டியை உடைச்சு ஆர்.சி. கேன்சல் பண்றப்பதான் நம்பர் துண்டை வெட்டி எடுத்து ஆபீஸ்ல காட்டுவாங்க. அதனால வெட்டின துண்டுன்னாலே அவரைப் பொறுத்தவரைக்கும் ஒண்ணு செத்த வண்டி, இல்ல திருட்டு வண்டி. உங்க தாத்தா காசு குடுத்து வாங்கின வண்டிக்கு அந்த சந்தேகம் வரணுமா?

சட்டம் என்ன சொல்லுதுன்னா, மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு, ஆர்.சி.ல இருக்கற விவரம் கம்பெனி குடுத்த விவரத்தோட ஒத்துப் போகணும், அது மாறற மாதிரி ஓனர் எதையும் மாத்தக்கூடாதுங்குது. கேரளாவுலேர்ந்து போன ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில இதைத்தான் அழுத்திச் சொல்லிச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182-ஏ பிரிவு சேர்த்தாங்க, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். மாட்டறது ஓனர், இதை பட்டறைக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க.

சரி, அப்ப என்னதான் பண்றது? முதல்ல நம்பர் இருக்கற இடம் நல்லா இருக்கான்னு பாருங்க. வயர் பிரஷும் தின்னரும் போதும், கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க, பஞ்ச் அடிச்ச எழுத்து ஆழமே இருக்காது, ரெண்டு ஓட்டு ஓட்டினா நம்பரே போயிரும். துரு பின்பக்கம்தான்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா நம்பர் உள்ள பாகத்தைத் தொடாம, கெட்டுப்போன இரும்பை மட்டும் எடுத்துட்டு அதே கனத்துல சேனல் மடிச்சு வச்சு சேர்க்கலாம், ஆனா கழட்டறதுக்கு முன்னாடியே அளவெல்லாம் குறிச்சு வச்சுக்கணும், குறுக்கு மூலை அளவு ரெண்டு பக்கமும் ஒண்ணா வரணும், இல்லேன்னா வண்டி நண்டு மாதிரி சாஞ்சுதான் ஓடும். இது சேஸிஸ் ரிப்பேர், சேஸிஸ் மாத்தறது இல்ல. ஒவ்வொரு கட்டத்துலயும் போட்டோ எடுத்து பில்லோட சேர்த்து வைங்க.

ரிப்பேருக்கே வழியில்ல, மாத்தியே ஆகணும்னா வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, வண்டியைக் கழட்டின நிலையிலயே இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கட்டும். அந்த வேற ஜீப்பு சேஸிஸுக்கும் ஒரு கதை இருக்கு இல்லையா? அந்த வண்டி ஆர்.சி. கேன்சல் ஆச்சா, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கா, வித்தவர் யாரு, பில் எங்க. வண்டியை உடைச்சா 14 நாளுக்குள்ள ஓனர் ஆபீஸ்ல சொல்லணும்னு 55-வது பிரிவுல இருக்கு, எத்தனை பேர் சொல்றாங்க? காயலான் கடையில கிடைக்கற சேஸிஸ்ல பாதிக்கு இந்தக் கேள்விக்கு பதில் வராது. அனுமதி கிடைச்சு நம்பர் ரீ-பஞ்ச் பண்ணினா, அதாவது சேஸிஸ்ல நம்பரைத் திரும்ப அடிச்சா, அது ஆர்.சி.லயும் ஏறணும். என்கிட்ட வந்த ஒரு ஜீப்ல ரீ-பஞ்ச் இருந்துச்சு, ஆர்.சி.ல அதைப் பத்தி ஒண்ணுமே இல்ல, வாங்கினவர் பேரை மாத்த முடியாம வண்டியை தென்னந்தோப்புல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கார்.

கடைசியா, நீங்க கேக்கல, ஆனா சொல்லணும். 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவுன்னு 2021 ஜூலையில விதி வந்துச்சு. புதுசா பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், ஏற்கனவே பதிவான வண்டிக்கு பழைய பதிவு நம்பரையே வச்சுக்கலாம். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணின வண்டிக்குக் கிடையாதுன்னு அதுலயே போட்டிருக்கு. விண்டேஜா பதிஞ்சா தினம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். தினம் ஓட்டறதா, விண்டேஜ் பதிவா, ரெண்டுல எது வேணும்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்க.

கேள்வி: என் மச்சான் அமெரிக்காவுல 1950-கள்ல வந்த செவர்லே பிக்கப் ஒண்ணு பேசி வச்சிருக்கார். டைட்டில்ல இருக்கற நம்பரும் வண்டியில இருக்கற நம்பரும் வேற வேறயாம். வாங்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: டைட்டில்னா அங்க ஓனர்ஷிப் பத்திரம் மாதிரி. வண்டிக்கு கம்பெனி போடற, இப்ப இருக்கற 17 எழுத்து நம்பர் அங்க 1981 மாடல்லேர்ந்துதான், அதுக்கு முன்னாடி கம்பெனிக்கு கம்பெனி வேற. அந்தக் காலத்துல சில மாநிலத்துல இன்ஜின் நம்பரை வச்சே டைட்டில் போட்டிருக்காங்க, அப்புறம் இன்ஜினை மாத்தினா பேப்பர்ல ஒண்ணு, வண்டியில ஒண்ணு. அதனால ஒத்துப் போகலைன்னா திருட்டு வண்டின்னு உடனே முடிவு பண்ண வேணாம், ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த மாநில ஆபீஸ்ல கேட்டு, வித்தவர் பேர்லயே அதை சரி பண்ணச் சொல்லுங்க. கம்பெனி நம்பர் அடிச்ச தகட்டுல இருக்கற ரிவெட்டை மட்டும் யாரும் கழட்டவே கூடாது. நம்பரை அழிக்கறது, மாத்தறது அங்க ஃபெடரல் குற்றம், 5 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். கான்சாஸ்ல ஒருத்தர் 1959 கார்வெட் கார் வாங்கிப் பதியப் போனப்ப, முன்னாடி யாரோ பெயின்ட் வேலைக்காக தகட்டைக் கழட்டி மாட்டினதுக்கு 2017-ல போலீஸ் காரையே எடுத்துட்டுப் போயிருச்சு. அவர் மேல தப்பே இல்ல, ஆனாலும் கோர்ட்டுக்கு வருஷக்கணக்கா அலைஞ்சார். 2022-ல சட்டத்தையே மாத்த வேண்டியதாச்சு.

கேள்வி: மூக்கு வச்ச பழைய டாடா பென்ஸ் லாரி, 60-கள்ல வந்தது. விண்டேஜ்ல பதியலாமா?
- வாசகர், சங்ககிரி

பதில்: முடியாதுங்க, அந்த விதி டூவீலருக்கும் ஆள் ஏத்தற காருக்கும்தான், சரக்கு வண்டி அதுல வராது. எனக்கும் வருத்தம்தான். ஒரு போட்டோ அனுப்புங்க, மூக்கு தெரியற மாதிரி.