பிடித்த கை உடனே விரியாதது ஏன்? மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் தேயிலைத் தோட்டத்துக் கேள்விகளும் பதில்களும்

கே: தங்கச்சி, விடியற்காலைக் குளிர்ல கொழுந்து வெட்டப் போனா கத்தரியை மூட முடியுது, திறக்கத்தான் கை மந்தமா இருக்கு. பத்து மணிக்குச் சரியாயிடுது. ஏன்மா?

ப: அக்கா, தசை தானாகத் தளர்வதில்லை, அதற்கும் சக்தி செலவாகிறது. தசை சுருங்கும்போது இழைக்குள் இருக்கும் பைகளிலிருந்து கால்சியம் வெளியே வருகிறது. தளர வேண்டுமானால் அதைத் திரும்பப் பைக்குள் இறைக்க வேண்டும். இறைக்கும் பம்புக்கு செர்கா என்று பெயர். உடலின் எரிபொருள் மூலக்கூறான ஏடிபி ஒன்றைச் செலவழித்து 2 கால்சியம் அயனிகளை உள்ளே தள்ளும். குளிரில் இந்தப் பம்பு மந்தமாகிவிடும். விரலை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருப்பதால் கையுறை மட்டும் போதாது; முழங்கை வரை கம்பளிச் சட்டைக் கை இருக்கட்டும். கிளம்புமுன் 5 நிமிடம் முன்கையை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள்.

கே: அக்கா, எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போறேன். வேகத்தைத் தீர்மானிப்பது பம்பு மட்டும்தானா?

ப: இல்லை தம்பி. இழைக்குள் கால்சியம் குறைந்ததும், ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டியிருக்கும் கால்சியமும் கழல வேண்டும். ஆக்டின் என்ற புரத இழையை மயோசின் என்ற புரதம் தன் தலையால் பிடித்து இழுப்பதால்தான் தசை சுருங்குகிறது. கால்சியம் கழன்றால்தான் ட்ரோபோமயோசின் என்ற இன்னொரு புரதம் நகர்ந்து, ஆக்டினில் மயோசின் பிடிக்கும் இடத்தை மூடும். ஏற்கெனவே பிடித்திருக்கும் மயோசின் தலை விடுபடப் புதிய ஏடிபி வந்து சேர வேண்டும். அறுத்த ஆட்டின் தசை சில மணி நேரத்தில் விறைப்பது ஏடிபி தீர்ந்து தலைகள் விட முடியாமல் போவதால்தான்.

வேகமாகச் சுருங்கும் தசை இழைகளில் செர்கா1 என்ற வகைப் பம்பு நெருக்கமாக நிறைந்திருக்கும். மெதுவான இழைகளில் இருப்பது செர்கா2ஏ வகை, எண்ணிக்கையும் குறைவு. மயோசினும் தாமதமாகவே கழலும். எலித் தசையில் பார்வால்புமின் என்ற புரதம் கால்சியத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். மனிதத் தசைக்கு அதை எழுதிவிடாதே, நம்மிடம் அது இல்லை என்றே சொல்லலாம்.

கே: மதியத்துக்கு மேல ரெண்டு கையும் விரியத் தாமதமாகுதுங்க.

ப: களைத்த தசையில் ஏடிபி உடைந்த மிச்சங்கள் சேர்ந்து பம்பைத் தாமதப்படுத்தும். ஒரேயடியாக நீண்ட ஓய்வுக்குக் காத்திராமல் இடையிடையே சில நிமிடம் கத்தரியைக் கீழே வையுங்கள். ஓய்வுக்குப் பிறகும் தீராவிட்டால் கவனித்துப் பாருங்கள். ஒரே விரல் மாட்டிக்கொண்டு ‘டக்’கென்று விடுபட்டால் கோளாறு தசைநாணில். மூடித் திறக்க மூடித் திறக்க இலகுவானால், தசை தளரத் தாமதிக்கும் மயோடோனியா என்ற கோளாறாக இருக்கலாம். மாறாக இறுகிக்கொண்டே போனால் செர்கா1 குறைபாடான அரிய பிராடி நோயாக இருக்கலாம். எதுவானாலும் இந்த வேறுபாட்டை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், நோயைக் கண்டுபிடிக்க அது பெரிய உதவி.

கே: அம்மாவோட குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநாணை டாக்டர் சுத்தியால தட்டினார். பாதம் அசைஞ்சு பழைய நிலைக்கு மெதுவாத் திரும்புதுன்னு தைராய்டு டெஸ்ட் எழுதினார். சம்பந்தம் இருக்கா?

ப: நிச்சயம் இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் செர்காவும் குறையும். அந்த ஹார்மோனுக்கான லெவோதைராக்சின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் வெறும் வயிற்றில், பசியாறுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் தண்ணீரோடு கொடுங்கள். தே தாரேக் என்ற பால் தேநீரோடு வேண்டாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

கே: ராத்திரி கெண்டைக்கால் பிடிக்குதே, அதுவும் இதுதானா?

ப: அது வேறு. அங்கே நரம்பே விடாமல் கட்டளை அனுப்புகிறது. முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்து, வலி விடும்வரை பிடியுங்கள்.