வாசகர் கேள்வி: நிழல் எந்தப் பக்கம் விழும்?

கேள்வி: கடலோரக் கிராமம் ஒன்றில் தரம் 4 மாணவர்களுக்குச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் கற்பிக்கிறேன். எங்கள் பாடசாலையில் விஞ்ஞான உபகரணங்கள் எதுவும் இல்லை. பிள்ளைகள் விடைகளை மனனம் செய்து ஒப்புவிக்கிறார்கள். தாமாக ஒரு கேள்வியும் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரியை ஒருவர், நிலாவெளி

பதில்: பிள்ளைகள் கேள்வி கேட்காதிருப்பதற்கு உபகரணம் இல்லாமை காரணமன்று என்றே நினைக்கிறேன். கேள்வி பிறக்குமுன்னரே நாம் விடையைச் சொல்லிவிடுகிறோம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்குதல் கீழ் வகுப்புகள் வரை இறங்கிவிட்ட நிலையில், இதற்காக ஆசிரியரை மட்டும் குறைகூறவும் முடியாது. ஆயினும் வாரத்தில் ஒரு பாடவேளையையாவது, விடை சொல்லாத பாடவேளையாக ஒதுக்கிப் பாருங்கள்.

அதற்கு ஒரு மீற்றர் நீளமான நேரான தடியும் வெண்கட்டியும் போதும். தடியை முற்றத்தில் செங்குத்தாக நட்டு, "நண்பகலில் இதன் நிழல் எந்தப் பக்கம் விழும்?" என்று காலையிலேயே கேளுங்கள். உச்சி வெயில் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் பலர் நிழலே இராது என்பார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நம்புகிறோம். சரி என்றோ பிழை என்றோ சொல்லாமல், ஒவ்வொரு பிள்ளையும் தான் எதிர்பார்க்கும் இடத்தில் அடையாளமிட்டுப் பெயரை எழுதட்டும். பின்னர் பதினொன்றரை மணி தொடக்கம் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்துவந்தால், நிழல் குறுகி, மறுபடியும் நீளத் தொடங்குவதை அவர்களே காண்பார்கள். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருப்பதால், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இருமுறைதான்: ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, ஓகஸ்ட் முடிவில் ஒருமுறை. யூன் 21ஐ அண்டி அந்த ஒரு மீற்றர் தடியின் நண்பகல் நிழல் தெற்கே ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர் விழும். டிசெம்பர் 22ஐ அண்டி வடக்கே ஏறத்தாழ 62 சென்ரிமீற்றர் நீளும். மாரி மழையில் டிசெம்பர் வெயில் வாய்ப்பது அரிது. கிடைத்த நாளில் அளந்துகொள்ளுங்கள். நிழல் பக்கம் மாறியதைக் கண்ட பிள்ளை "ஏன், ரீச்சர்?" என்று கேட்காமல் இராது.

அந்த நேரத்தில், பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சரிந்திருப்பதை விளக்கிவிட மனம் துடிக்கும்; தயவுசெய்து பொறுங்கள். ஒன்பது வயதில் அது மனனம் செய்ய இன்னொரு வரியாகிவிடும். நிழலைத் தன் கையால் குறித்த பிள்ளைக்கோ, பின்னாளில் அதே உண்மை தான் தேடிக்கொண்டிருந்த விடையாக வந்து சேரும். இப்போதைக்கு அவர்கள் கண்டதைத் தங்கள் சொற்களிலேயே எழுதட்டும். எழுத்துப்பிழை திருத்துவதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இராவணன் தாயின் அந்தியேட்டிக்காக உண்டாக்கியவை என்று மகனுக்குச் சொல்லியிருந்தேன். பாடசாலையில் வேறு விளக்கம் சொன்னார்களாம். எதை அவன் நம்புவது?
– தாய் ஒருவர், உப்புவெளி

பதில்: கதையைக் கைவிட வேண்டியதில்லை, அது இந்த மண்ணின் நினைவு. நீர் ஏன் சுடுகிறது என்பது வேறு கேள்வி. நிலத்தினுள் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது. பொதுவாக ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, மறுபடியும் மேலெழுகிறது. இலங்கையில் எரிமலை இல்லை என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது ஏழு கிணறுகளின் நீரையும் அவனே தொட்டுப் பார்த்து, எது கூடுதலாகச் சுடுகிறது என்று வரிசைப்படுத்தட்டும். நீங்களும் தனியாக வரிசைப்படுத்துங்கள். இருவரின் வரிசையும் ஒத்துவராவிட்டால், வெப்பமானி எதற்குத் தேவை என்பதை அவனே கேட்பான்.