இனிப்பா, வெயிலா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் செய்த ஷிராஸ் சிவப்பு ஒயின் ஜாம் மாதிரி இனித்தது, தொண்டையும் சூடானது. சர்க்கரை சேர்க்கிறார்களா?

பதில்: இல்லைங்க, எல்லாம் வெயிலின் வேலை. சூடான இடத்தில் திராட்சை நன்றாகப் பழுக்கும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அப்புறம் அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கி விடுவதால் ஒயினில் இனிப்பு மிச்சம் இருப்பதில்லை, ஆல்கஹால் மட்டும் 14, 15 சதவீதம் வரை போய்விடும். தொண்டைச் சூடு அதனால்தான். கனிந்த பழ வாசனையும் புளிப்புக் குறைவும் சேர்ந்துதான் நாக்குக்கு இனிப்பாகப் படுகிறது.

இந்த ஷிராஸ் திராட்சைக்கே பிரான்சில் சிரா என்று பெயர். ரோன் ஆற்றின் வடபகுதியில் குளிர்ச்சி அதிகம் என்பதால் அங்கே மிளகு வாசனை தூக்கலாக இருக்கும், எனக்கு அதுவும் ரொம்பப் பிடிக்கும்.

சரி, அடுத்த முறை புட்டியை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து 16 முதல் 18 டிகிரிக்குள் ஊற்றி, கோப்பையை மெல்லச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏறும் ஆல்கஹால் நெடி அடங்கி, கறுப்புப் பழ வாசனை தெளிவாகத் தெரியும்.