வாக்குச்சீட்டின் அடிவரிசை – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஹூஸ்டனில் இருக்கிறேன். சமீபத்தில்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. நேர்காணலில் ஆறு கேள்விகளுக்குச் சரியாகச் சொன்னதுமே அதிகாரி போதும் என்று நிறுத்திவிட்டார். என் அலுவலக நண்பர் இங்கேயே பிறந்தவர். செனட்டில் எத்தனை பேர் என்றால் விழிக்கிறார். அரசின் மூன்று பிரிவுகளையும் சொல்லத் தெரிந்தவர் நான்கில் ஒருவர்தான் என்று எங்கோ படித்தேன். குற்றம் தொலைக்காட்சியின் மேலா, பள்ளியின் மேலா? எங்களுக்கு வைத்த தேர்வை எல்லா வாக்காளர்களுக்கும் வைத்தால் என்ன?

– க.

அன்புள்ள க.,

வாழ்த்துகள். முதல் வாக்கை யோசித்துப் போட வேண்டும் என்ற தவிப்பு உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது இருக்கட்டும். அந்த ஆறு கேள்விப் பெருமையை மட்டும் இறக்கி வையுங்கள். உங்களுக்கு வைத்தது பழைய தேர்வு, 2025 அக்டோபர் 20க்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கானது. அதில் பத்தில் ஆறு சரியானால் எல்லோருக்கும்தான் நிறுத்தினார்கள். நூறு கேள்வியையும் பதிலையும் அரசே முன்கூட்டிக் கொடுத்திருந்தது, நீங்கள் உருப்போட்டீர்கள்.

வாக்காளருக்குத் தேர்வு வைக்கலாமா என்கிறீர்கள். வைத்துப் பார்த்தார்கள் ஐயா. மிசிசிப்பியில் பதிவு அலுவலர் மாநில அரசியல் சாசனத்திலிருந்து தன் விருப்பப்படி ஒரு பிரிவைக் காட்டுவார். அதைப் பார்த்து எழுதி, பொருளும் விளக்க வேண்டும். விளக்கம் சரியா என்று தீர்மானிப்பவரும் அவரே. வெள்ளையர் தேறினார்கள், படித்த கறுப்பர்கள் தோற்றார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அது ஒழிந்தது. அன்று நீங்கள் எந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள்? 1923இல், குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர் குடியுரிமைக்குத் தகுந்த வெள்ளையர் அல்ல என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். கதவு திறக்க 1946 ஆயிற்று. இந்த யோசனையை இனி வெளியில் சொல்லாதீர்கள்.

நீங்கள் படித்தது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னென்பெர்க் மையம் எடுத்த 2016 கணக்கெடுப்பாக இருக்கும்: 26 சதவீதம். 2024இல் அதே கேள்விக்கு 65 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். எட்டு ஆண்டில் ஞானம் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது என்று நம்புகிறீர்களா? கேபிள் சேனல்களைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

அறியாமை உண்மையில் கடிப்பது வாக்குச்சீட்டின் அடிவரிசையில். ஜனாதிபதி, செனட் எல்லாம் முதல் சில வரிகளில் முடிந்துவிடும். ஹூஸ்டன் இருக்கும் உங்கள் ஹாரிஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) அதற்குப் பிறகுதான் சீட்டே தொடங்குகிறது. ரெயில்ரோட் கமிஷனர் என்று ஒரு பதவி வரும். ரயிலை அவர்கள் கவனிப்பதில்லை. டெக்சாஸின் எண்ணெய்க் கிணறும் எரிவாயுக் குழாயும் அவர்கள் பொறுப்பு. கவுண்டி ஜட்ஜ் வருவார். ஹாரிஸில் அவர் நாற்காலி நீதிமன்றத்தில் இல்லை. கவுண்டியின் பட்ஜெட்டை முடிவு செய்யும் அவைக்குத் தலைவர், புயல் வெள்ளம் வந்தால் நிர்வாகத்துக்குத் தலைவர். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா வடிகிறதா என்பதில் செனட்டைவிட அவருக்குப் பங்கு அதிகம். அப்புறம் நீதிபதிகள், வாக்கு இயந்திரத்தில் திரை திரையாக. குற்றவியல், சிவில், குடும்ப நீதிமன்றம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, கட்சிப் பெயரோடு.

2018 வரை ஒரே தொடுதலில் கட்சி முழுவதற்கும் போட்டுவிடலாம். அந்த ஆண்டு ஹாரிஸில் கவுண்டி முழுவதும் வாக்களிக்கும், போட்டி இருந்த நீதிபதிப் பதவிகள் அத்தனையும் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. நல்ல நீதிபதியும் மோசமான நீதிபதியும் ஒன்றாகவே வீட்டுக்குப் போனார்கள். 2020இல் அந்த வசதி எடுக்கப்பட்டது. இப்போது பாதித் திரையில் கை ஓய்ந்து மீதியை வெறுமையாக விடுகிறார்கள், இல்லாவிட்டால் கட்சியைப் பார்த்து வரிசையாக அமுக்குகிறார்கள். உங்கள் நண்பருக்கு செனட் எண்ணிக்கை தெரிந்திருந்தாலும் இதில் ஒன்றும் மாறியிருக்காது.

இந்த நீதிபதிகளைப் பற்றி யார் சொல்வது? கோர்ட்டில் உட்கார்ந்து எழுதும் உள்ளூர் நிருபர். ஹூஸ்டன் போஸ்ட் 1995இல் மூடியபின் அத்தனை பெரிய நகரத்துக்கு க்ரானிக்கிள் ஒன்றுதான் தினசரி. நாடு முழுக்க, 2005இல் இருந்த செய்தித்தாள்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இன்று இல்லை. பள்ளியில் அரசியல் பாடம் அரை ஆண்டு, அதுவும் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில். டெக்சாஸின் பள்ளிப் பொதுத்தேர்வில் அமெரிக்க வரலாறு உண்டு, அரசாங்கப் பாடம் இல்லை. தேர்வில் இல்லாததை எந்தப் பள்ளி மெனக்கெட்டு நடத்தும்? பாடத்திட்டத்தை முடிவு செய்யும் மாநிலக் கல்வி வாரியத்தின் 15 பேரும் வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பவர்கள்தான். அந்தப் பெயர்களும் இதே சீட்டில், யாரும் படிக்காத இடத்தில்.

இனி வேலையைப் பாருங்கள். தேர்தலுக்கு 30 நாளுக்கு முன்பே வாக்காளராகப் பதிவு செய்துவிடுங்கள். தேர்தலை நடத்தும் கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் தளத்தில் உங்கள் முகவரிக்கான மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்கும், அச்செடுங்கள். அடியிலிருந்து மேலே படியுங்கள். நீதிபதிகளுக்கு ஹூஸ்டன் வழக்கறிஞர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பைப் பாருங்கள், மகளிர் வாக்காளர் சங்கத்தின் கையேட்டையும் பாருங்கள். யாருக்கு என்று காகிதத்திலேயே குறித்து எடுத்துப் போங்கள். வாக்குச்சாவடியில் 100 அடிக்குள் செல்போனை எடுக்க விடமாட்டார்கள். காகிதத்துக்குத் தடை இல்லை. வேட்பாளர் பெயர் போட்ட சட்டையோடு மட்டும் போய் நிற்காதீர்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.